உப்பு நமக்குத் தெரியும் என்றிருந்தோம்

பேரப்பிள்ளைகள் கடல்மீன் தொட்டி கேட்டபோது, மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு விற்கும் நமக்கு இது என்ன பிரமாதம் என்றிருந்தோம். தப்புக் கணக்கு. உப்பளத்தில் உப்பு விளையுமுன்பே கடல்நீரின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி படிந்துவிடுகிறது. மக்னீசியமோ, உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் நின்றுவிடுகிறது. பவளத்துக்கு இரண்டும் வேண்டும். இதற்கென விற்கும் கலவை உப்பைத்தான் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைக்க வேண்டும்.

தொட்டி தேறியபின் பச்சைக் குரோமிஸ் மீன் 7 வாங்கினோம். விரல் நீளந்தான் வளரும். கடலில் பவளக் கிளைகளின் மேல் பெருங்கூட்டமாக நின்று, நீரில் மிதந்துவரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்னும். தொட்டியில் அந்த ஒற்றுமை பெரும்பாலும் நிலைப்பதில்லை. வலியது எளியதைத் துரத்தும். இரை கிடைக்காமல் மூலையில் ஒதுங்கியது முதலில் சாகும், பிறகு அடுத்தது. 8 மாதத்தில் நமக்கு மிஞ்சியது ஒன்று.

நம் பிழையும் உண்டு. புது மூட்டையை வண்டு பார்க்காமல் பழைய சரக்கோடு அடுக்குவோமா? மீன்களை மட்டும் வந்த அன்றே தொட்டியில் விட்டோம். ஒன்றின் விலாவில் சிவந்த புண் இருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை 4 வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தோம். இரையையும் ஒரே வேளையாகக் கொட்டாமல், நாளைக்கு நான்கு தடவை சிட்டிகை சிட்டிகையாகப் போடுகிறோம். வாங்கிய 6-ல், ஓராண்டு கழித்து 4 இருக்கின்றன.