குறை அதிர்வெண் அமெச்சூர் வானொலியில் ஆன்டெனாவும் இரைச்சல் குறைப்பும்

அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்ட அலைப்பட்டைகளில் அதிர்வெண் மிகக் குறைந்தவை மூன்று ஆகும். அவை 2200 மீட்டர் பட்டை (135.7–137.8 கிலோஹெர்ட்ஸ்), 630 மீட்டர் பட்டை (472–479 கிலோஹெர்ட்ஸ்), 160 மீட்டர் பட்டை (1.8–2.0 மெகாஹெர்ட்ஸ்) என்பனவாகும். 160 மீட்டர் பட்டை பழமையானது. அதன் எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறுபடும். மற்ற இரண்டும் 2007, 2012 ஆம் ஆண்டுகளில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடுகளில் அமெச்சூர் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டன.

இப்பட்டைகளில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. அலைநீளம் மிகப் பெரிது என்பதால் வீட்டு மனையில் நிறுத்தும் ஆன்டெனா (விண்ணலைக்கம்பி) எப்போதும் குட்டையாகவே அமைகிறது. மின்னலாலும் மின்கருவிகளாலும் எழும் இரைச்சல் இங்கு மிகுதி. முதல் இடர்ப்பாடு பரப்புதலையும் இரண்டாவது ஏற்றலையும் பாதிக்கிறது. தீர்வுகளும் வேறுபடுவதால், பரப்புவதற்கும் ஏற்பதற்கும் தனித்தனி ஆன்டெனாக்கள் அமைப்பது வழக்கம்.

ஆன்டெனாவின் உயரமும் திறனும்

நிலத்தில் நிறுத்தும் செங்குத்து ஆன்டெனா நன்கு இயங்க, அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு உயரம் தேவை. 160 மீட்டர் பட்டைக்கு அது சுமார் 40 மீட்டர். 630 மீட்டர் பட்டைக்குச் சுமார் 158 மீட்டர். 2200 மீட்டர் பட்டைக்கு 540 மீட்டருக்கும் மேல்.

உயரம் குறையும்போது ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை விரைவாகக் குறைகிறது. 475 கிலோஹெர்ட்ஸில் 15 மீட்டர் உயரக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 0.22 ஓம் மட்டுமே. நிலத்திலும் கம்பிச்சுருளிலும் ஏற்படும் இழப்புத் தடை 30 ஓம் எனக் கொண்டால், பரப்பி அளிக்கும் திறனில் 0.7 விழுக்காடே அலையாக வெளியேறும். மீதி வெப்பமாக வீணாகும்.

பரப்பும் ஆன்டெனாவை மேம்படுத்துதல்

மிகுந்த பயன் தருவது மேல்சுமை ஆகும். செங்குத்துக் கம்பியின் உச்சியில் கிடைமட்டக் கம்பிகளை இணைத்து ‘டி’ வடிவத்திலோ தலைகீழ் ‘எல்’ வடிவத்திலோ அமைத்தால், செங்குத்துப் பகுதி முழுவதும் மின்னோட்டம் ஏறத்தாழ சீராகப் பாயும். இதனால் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்கு வரை உயரும். மேற்கண்ட 15 மீட்டர் கம்பியில் அது 0.9 ஓமை நெருங்கும். பயனுறுதிறன் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆகும். சமதிசைக் கதிர்வீச்சுத் திறன் 1 வாட் கிடைக்க, மேல்சுமை இல்லாதபோது சுமார் 45 வாட் செலுத்த வேண்டும். மேல்சுமை இருந்தால் சுமார் 12 வாட் போதும்.

இழப்புத் தடையைக் குறைப்பது அடுத்த வழி. ஆன்டெனாவின் அடியிலிருந்து ஆரக்கால்கள் போல நிலத்தில் செம்புக் கம்பிகள் பரப்பப்படுகின்றன. குட்டை ஆன்டெனாவுக்கு நீளமான சில கம்பிகளை விடக் குறுகிய பல கம்பிகளே நன்மை தரும். குட்டைக் கம்பியை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவரப் பெரிய மின்தூண்டிச் சுருளும் தேவை. அதைத் தடித்த கம்பியால் சுற்றினால் இழப்பு குறையும்.

மேல்சுமை இல்லாத 15 மீட்டர் கம்பியில் 45 வாட் செலுத்தும்போதே அதன் அடியில் 4,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தோன்றக்கூடும். எனவே சுருளும் கம்பியின் அடிப்பகுதியும் குழந்தைகள், விலங்குகள் கைக்கு எட்டாதவாறு வேலியிடப்பட வேண்டும்.

ஏற்கும் ஆன்டெனா

ஏற்றலில் கணக்கு வேறு. இப்பட்டைகளில் வெளியிலிருந்து வரும் இரைச்சல், ஏற்பியின் சொந்த இரைச்சலை விட மிக அதிகம். பெரிய ஆன்டெனா சைகையோடு இரைச்சலையும் அதே அளவில் பெருக்கும். ஆகவே சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமே முக்கியம், பயனுறுதிறன் அன்று.

சிறிய சட்ட ஆன்டெனா தன் தளத்திலுள்ள இரு திசைகளிலிருந்து வருவதை நன்கு ஏற்கும். தளத்துக்குச் செங்குத்தான திசைகளிலிருந்து வருவதைப் பெரும்பாலும் ஒதுக்கும். அந்த ஒதுக்கத் திசையை இரைச்சல் மூலத்தை நோக்கித் திருப்பினால் குறுக்கீடு வெகுவாகக் குறையும். பல திசைகளிலிருந்தும் வரும் மின்னல் இரைச்சலுக்கு இம்முறை அவ்வளவாக உதவாது.

இடவசதி உள்ளோர் பெவரேஜ் ஆன்டெனாவைப் பயன்படுத்துகின்றனர். அமெரிக்கப் பொறியாளர் ஹாரல்ட் பெவரேஜ் உருவாக்கிய இது, நிலத்துக்குச் சில மீட்டர் மேலே கட்டப்படும் நீண்ட கம்பியாகும். அதன் தொலைமுனை சில நூறு ஓம் மின்தடை வழியாக நிலத்தோடு இணைக்கப்படும். அம்முனையின் திசையிலிருந்து வரும் அலைகளையே அது சிறப்பாக ஏற்கும். 1921 டிசம்பரில் பால் காட்லி, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கூடாரமடித்து, சுமார் 400 மீட்டர் நீளமுள்ள இத்தகைய கம்பியால் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்க அமெச்சூர் சைகைகளைக் கேட்டார். பரப்புவதற்குச் சற்றும் ஏற்றதல்லாத ஆன்டெனாவே அங்கு வெற்றி தந்தது.

உள்ளூர் இரைச்சலைக் கண்டறிதல்

நிலைமாற்று மின்வழங்கிகள், எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள், சூரிய மின் இன்வெர்ட்டர்கள் ஆகியவை இரைச்சலின் பொதுவான மூலங்கள். மூலத்தை அறிய, ஏற்பியை மின்கலத்தில் இயக்கியபடி வீட்டின் முதன்மை மின்சுவிட்சை அணைக்க வேண்டும். இரைச்சல் குறைந்தால் மூலம் வீட்டுக்குள் உள்ளது. பின்னர் ஒவ்வொரு மின்சுற்றாக இயக்கிப் பார்த்தால் குறிப்பிட்ட கருவி தெரியவரும். இரைச்சல் குறையாவிட்டால், கையடக்க மத்திய அலை வானொலியைத் திருப்பித் திருப்பி அது வரும் திசையை அறியலாம்.

ஆன்டெனாவை வீட்டிலிருந்து தொலைவில் வைத்தும் இரைச்சல் குறையாததற்குப் பெரும்பாலும் இணையச்சு வடமே காரணம். வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல் வடத்தின் வெளியுறை மீது மின்னோட்டமாகப் பாய்ந்து ஆன்டெனாவை அடைகிறது. மாங்கனீசு–துத்தநாக பெரைட் வளையத்தில் வடத்தைப் பல சுற்றுகள் சுற்றுவது இதைத் தடுக்கும். சுற்றுகளின் எண்ணிக்கை இரட்டித்தால் தடுப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். முதன்மை, துணைச் சுருள்கள் தனித்தனியாக உள்ள பிரிப்பு மின்மாற்றியும் ஆன்டெனாவுக்கெனத் தனி நில இணைப்பும் மேலும் உதவும்.

அருகிலுள்ள பரப்பும் ஆன்டெனா இரைச்சலை ஏற்று மீண்டும் கதிர்வீசக்கூடும். எனவே கேட்கும் நேரத்தில் அதன் ஒத்ததிர்வைக் கலைத்து வைப்பர். இவ்வளவுக்குப் பின்னும் எஞ்சும் இரைச்சலுக்கிடையே நலிந்த சைகைகளைப் பிரித்தறிய, மிக மெதுவான மோர்சு முறையும், ஏறத்தாழ 6 ஹெர்ட்ஸ் அகலமே கொண்ட டபிள்யூ.எஸ்.பி.ஆர். எண்முறையும் பயன்படுகின்றன.