காயம் தெரியாத முட்டு

தை மூன்றாம் நாள் என்றால் காரைக்குடிப் பக்கம் சிறாவயல் மஞ்சுவிரட்டுதான். தொழுவிலிருந்து வரும் மாட்டைவிட, பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாடுகள்தான் வேடிக்கை பார்க்க வந்தவரைப் பதம் பார்க்கும். கொம்பு கிழித்தால் ரத்தம் தெரியும். உடனே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நெற்றியால் இடது விலாவில் இடித்தால் சட்டையில் புழுதி மட்டுமே. "ஒண்ணுமில்லண்ணே, லேசா இடிச்சிருச்சு" என்று சோடாவோடு உட்கார்ந்திருப்பாரே, அவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

அந்த விலாவின் மறைவில் இருக்கிறது மண்ணீரல். கைமுட்டி அளவு, சுமார் 150 கிராம். பெயரில்தான் மண், உள்ளே முழுக்க ரத்தம். நிமிடத்துக்குக் கால் லிட்டர் வந்து போகிறது. மெல்லிய உறை கிழிந்தால் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். சிலருக்கு இடது தோள்தான் வலிக்கும், தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவசரப் பிரிவில் முதலில் அல்ட்ராசவுண்ட். ஜெல் தடவி நான்கு இடங்களில் பார்ப்பார்கள்: கல்லீரல் ஓரம், மண்ணீரல் ஓரம், அடிவயிறு, இதயம். தேடுவது கிழிசலை அல்ல, தேங்கிய ரத்தத்தை. திரவத்திலிருந்து ஒலி எதிரொலிக்காது என்பதால் அது கறுப்பாகத் தெரியும். மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே மை தீட்டியது போல. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறவருக்கு அந்தக் கறுப்பே போதும், நேரே ஆபரேஷன் தியேட்டர்தான்.

தாக்குப்பிடிப்பவருக்கு சி.டி. ஸ்கேன். கை நரம்பில் அயோடின் கலந்த மருந்து ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்து ஏறி அரை நிமிடத்துக்குள் எடுத்த படத்தில் நல்ல மண்ணீரலும் புலித்தோல் போல வரிவரியாக இருக்கும். உள்ளே ரத்தம் ஓடும் வேகம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் வரும் கோலம் அது. பழகாத கண் கிழிசல் என்றே நினைக்கும். சுமார் 70 நொடியில் எடுக்கும் படத்தில் வரிகள் கரைந்து ஒரே வெளுப்பாகிவிடும்; அப்போதும் கறுத்து நிற்கும் கோடுதான் கிழிசல். அதன் அருகே ஒரு வெள்ளைப் பொட்டு படத்துக்குப் படம் பெருத்தால், ரத்தம் இன்னும் கசிகிறது.

முன்பெல்லாம் கிழிந்தாலே வெட்டி எடுத்துவிடுவார்கள். மண்ணீரல் போனவரை நிமோனியாக் கிருமி எளிதாகத் தாக்கும். தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது கிழிசலை 1 முதல் 5 வரை தரம் பிரித்து, முடிந்தவரை விட்டுவைக்கிறார்கள். தேவையானால் தொடை வழியே மெல்லிய குழாய் செலுத்திக் கசிவை அடைப்பதும் உண்டு.

அப்படித் தப்பியவர் இரண்டு மூன்று மாதம் எங்கும் இடிபடக் கூடாது. இதை அவர் வீட்டில்தான் சொல்லிவைக்க வேண்டும். மாசி மகத்துக்கு அரளிப்பாறை மஞ்சுவிரட்டு வந்துவிடும்.