வாகனம் தொலைபேசியில் இருக்கிறது, புத்தகம் யாரிடம் இருக்கிறது?

கிளிநொச்சியில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும மேன்முறையீடு என்று வருகிறவர்கள் சில வருடங்களாக இன்னொரு வேலைக்கும் வருகிறார்கள். கைத்தொலைபேசியை நீட்டி, "அண்ணை, இந்தப் பட்டா விளம்பரத்தில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்பார்கள். எனக்குச் சிங்களம் எழுத, வாசிக்கத் தெரியும். விற்பவர் குருநாகலிலோ கம்பஹாவிலோ இருப்பார். அவருடன் பேசிக் கொடுப்பதும் என் தலையில்தான் விழும். இப்படிப் பார்த்துக் கொடுத்த விளம்பரங்கள் நூறைத் தாண்டும். வாகனம் வீடு வந்து சேர்ந்தவை பத்துக்குள்தான். இடையில் என்ன நடக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. டொலர் கையிருப்பைக் காப்பதற்கான தற்காலிக நடவடிக்கை என்றார்கள். 2022 இல் நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்றது, தடையும் நீண்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கடும் வரிகளோடு. ஏறக்குறைய 5 வருடம் நாட்டுக்குள் கிடந்த பழைய வாகனங்களையே ஆளுக்காள் கைமாற்றினோம். நான்கு வருடம் ஓடிய வாகனத்தை வாங்கிய விலையிலும் கூட்டி விற்றவர்களை எனக்குத் தெரியும். காணியைத் தவிர வேறெதுவும் அப்படி விலை ஏறி நான் கண்டதில்லை. முன்பெல்லாம் ஊரில் ஒரு தரகர் இருப்பார், ஒரு கராஜ் இருக்கும், விற்பவரின் தகப்பன் பெயர் தெரிந்திருக்கும். தட்டுப்பாடு வந்ததும் தேடல் முழுவதும் தொலைபேசித் திரைக்குப் போய்விட்டது.

நம் பகுதியில் வாகனம் ஆடம்பரம் அல்ல. முழங்காவிலில் இருந்து நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரவும், மீன் ஏற்றவும், கூலி வேலைக்குப் போகவும் வேண்டியது. வாங்குகிற காசும் சாதாரணக் காசு அல்ல. மீள்குடியேறிய பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்தது, அல்லது சுவிஸில் இருக்கிற தம்பி ஒரு தடவை அனுப்பியது. இரண்டாம் தரம் கேட்க முடியாத காசு.

விளம்பரத்தில் முதலில் ஏமாற்றுவது விலைதான். ஒரு பட்டா 7 இலட்சம் ரூபா என்று போட்டிருக்கும். அது வாகனத்தின் விலை அல்ல, விற்பவரின் கையில் கொடுக்க வேண்டிய முதல் காசு. கீழே சிறிய எழுத்தில், பெரும்பாலும் சிங்களத்தில், "மிகுதி லீசிங்கைத் தொடரலாம்" என்றிருக்கும். அண்மையில் வந்த ஒன்றில் மாதம் 28,000 ரூபா, இன்னும் 41 மாதம். கூட்டிப் பாருங்கள்: 11 இலட்சத்து 48 ஆயிரம். முதல் காசோடு சேர்த்தால் 18 இலட்சத்து 48 ஆயிரம். அதே வயதுப் பட்டா லீசிங் இல்லாமல் 18 இலட்சத்துக்கு அடுத்த பக்கத்தில் கிடந்தது. ஆனால் 7 என்று போட்டதுதான் தேடலில் முன்னுக்கு வருகிறது, அதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஓடி வருகிறார்கள்.

அடுத்தது ஆண்டு. ஜப்பானில் ஓடி இங்கு வந்த வாகனத்துக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு: செய்த ஆண்டு, இலங்கையில் பதிந்த ஆண்டு. இரண்டில் எது புதியதோ அதையே போடுவார்கள். ஓடிய கிலோமீற்றர் கணக்கை நான் வாசித்துச் சொல்வதே இல்லை. ஒரு மடிக்கணினியும் ஒரு மணி நேரமும் இருந்தால் அதை மாற்றலாம். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வாகனங்களும் வரும். 2016 மே மாத வெள்ளத்தில் களனி ஆற்றோரம் எத்தனை வாகனங்கள் கூரை வரை நின்றன என்பது நினைவிருக்கும். படத்தில் அவை பளபளக்கும். இருக்கைப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும் என்று எங்கள் மெக்கானிக் சொல்வார். இருக்கையின் கீழ்த் தண்டவாளத்தில் துருவும் இருக்கும்.

எங்கள் மெக்கானிக்மார் சாதாரண ஆட்கள் அல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. சிறு போத்தல் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கைகள். சத்தத்தைக் கேட்டே வருத்தத்தைச் சொல்வார்கள். ஆனால் படத்துக்குச் சத்தம் இல்லை.

ஆகவே நேரில் போக வேண்டும். அதற்கு முன் தொலைபேசிப் பேச்சு. "உரிமையாளரே விற்கிறார்" என்று போட்டிருக்கும், எடுப்பவர் தரகராக இருப்பார். ஒரே வாகனத்தின் ஒரே படம் மூன்று இலக்கங்களில் மூன்று விலைக்குக் கிடக்கும். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்பார்கள். கிளிநொச்சி என்றவுடன் சிலர் குரலை மாற்றுவதைக் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டுக் காசு என்று கணக்குப் போடுகிறார்கள். விலை குறையாது, முற்பணம் மட்டும் உடனே வேண்டும். "இன்னொருவரும் இன்று பின்னேரம் வருகிறார், 25,000 போட்டுவிட்டால் உங்களுக்கு நிறுத்தி வைப்பேன்." போட்டவர்களில் சிலருக்கு அதோடு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. தளத்துக்கு அறிவித்தால் விளம்பரம் போய்விடும், காசு வராது. ரொறன்ரோவில் இருந்து அக்காவுக்கு ஓட்டோ வாங்கிக் கொடுக்க நினைத்து, இரவோடு இரவாகப் பாதிக் காசை அனுப்பிவிட்டு, காலையில் அக்காவை என்னிடம் அனுப்பிய தம்பியும் உண்டு. வாகனத்தைக் கண்ணால் காணாமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள், எவ்வளவு நல்லவராகப் பேசினாலும்.

நேரில் போவதும் இலேசல்ல. கொழும்புப் பக்கம் போக ஏறக்குறைய 300 கிலோமீற்றர். வான் கூலி, மெக்கானிக்கின் ஒரு நாள் சம்பளம், சாப்பாடு. அங்கே போனால் படத்தில் தெரியாத பக்கம் தெரியும்: உடைந்து ஒட்டிய சசி, பெட்டியின் கீழ் ஓட்டை. திரும்பி வந்துவிட வேண்டும். ஆனால் இவ்வளவு செலவழித்து வெறுங்கையோடு போவதா என்ற எண்ணம் ஆளைப் பிடித்துக்கொள்ளும். விற்பவருக்கும் அது தெரியும். அந்த நேரத்தில் மேசையில் ஒரு உடன்படிக்கை வரும், சிங்களத்தில். நான் வாசித்த அநேகமானவற்றில் ஒரு வரி இருந்தது: வாகனத்தை இன்றுள்ள நிலையில் பார்த்துத் திருப்தியடைந்தேன், பின்னர் எதுவும் கோரமாட்டேன். வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வாரம் என்னிடம் கொண்டு வருவார்கள். கையெழுத்து வைக்க முன் அதைப் படம் பிடித்து, சிங்களம் தெரிந்த யாருக்காவது அனுப்பினால் போதும். 5 நிமிட வேலை.

இவையெல்லாம் வாகனத்தின் கோளாறுகள், காசு செலவழித்துத் திருத்தலாம். புத்தகத்தின் கோளாறு வேறு.

புத்தகம் என்று நாம் சொல்வது பதிவுச் சான்றிதழை. இப்போது அது புத்தகமாக இல்லாவிட்டாலும் பெயர் நிலைத்துவிட்டது. அதில் இரண்டு இடம் பார்க்க வேண்டும்: பதிவு உரிமையாளர், அப்சலூட் ஓனர். லீசிங் உள்ள வாகனத்தில் இரண்டாவது இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் முடியும் வரை வாகனம் அந்த நிறுவனத்துடையது, ஓட்டுபவர் யாராக இருந்தாலும் சரி. விற்பவர் பிரதியைத்தான் காட்டுவார், அதுவும் சில வேளை பழைய பிரதி. அதனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து நீங்களே விவரத்தை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் இலக்கம், செய்த ஆண்டு, அப்சலூட் ஓனர் எல்லாம் அதில் வரும். விளம்பரங்களில் இலக்கத் தகட்டை மறைத்துத்தான் படம் போடுவார்கள். தொலைபேசியில் முதலாவதாகக் கேட்க வேண்டியது விலையை அல்ல, இலக்கத்தை. சொல்ல மறுப்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

பூநகரிப் பக்கத்து ஒருவர் இதையெல்லாம் கேட்க என்னிடம் வரவில்லை. கதை முடிந்த பிறகுதான் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லி வந்தார். லீசிங்கைத் தொடரும் ஏற்பாட்டில் 7 இலட்சம் கொடுத்துப் பட்டா எடுத்தார். 4 இலட்சம் சகோதரன் அனுப்பியது, 3 இலட்சம் மனைவியின் நகையை அடகு வைத்தது. மாதத் தவணையை விற்றவரின் வங்கிக் கணக்குக்குப் போட்டு வந்தார், 5 மாதம். விற்றவர் அதை நிறுவனத்துக்குக் கட்டவில்லை, அதற்கு முந்திய தவணைகளும் நிலுவை. ஒரு நாள் விடிய நாச்சிக்குடாவில் மீன் ஏற்றிக்கொண்டு வந்தவரை முறிகண்டிக்குக் கிட்ட மறித்து, மீனை இறக்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கொண்டு போனார்கள். 8 இலட்சத்து 40 ஆயிரம் போயிற்று. பொலிஸில் இது சிவில் விடயம், வழக்குப் போடுங்கள் என்றார்கள். நிறுவனத்தோடு அவருக்கு ஒரு கடதாசியும் இல்லை, அவர்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆளே இல்லை. லீசிங்கைத் தொடர்வதானால் நிறுவனத்துக்கு விற்பவரோடு நேரில் போய், ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த வாகனம் விற்பனைக்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

மற்றது ஓப்பின் பேப்பர். எம்.டி.ஏ. 6 படிவத்தில் பதிவு உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுப்பது. கைமாற்றச் செலவை மிச்சம் பிடிக்கத் தரகர்மார் விரும்பும் முறை. வாகனம் நான்கு கை மாறியிருக்கும், புத்தகத்தில் முதலாவது ஆள்தான் இருப்பார். வாங்குபவருக்கு ஆபத்து, அவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ வாகனம் உங்கள் பெயருக்கு வர வழியில்லாமல் நிற்கும். விற்பவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. வாகனம் களவு மணல் ஏற்றிப் பிடிபட்டாலும், கஞ்சாவோடு பிடிபட்டாலும், தேடி வருவது புத்தகத்தில் உள்ள விலாசத்துக்கு. புனர்வாழ்வு முடித்து வந்த ஒருவர் இணையத்தில் விளம்பரம் போட்டுத் தன் மோட்டார் சைக்கிளை இப்படி விற்றார். ஒன்றரை வருடம் கழித்து அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு நாள் அலைச்சல். அவரிடம் மோட்டார் சைக்கிளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுக்கப் பழைய கதையைக் கேட்டார்கள். விற்கிறவர்களும் வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எழுதாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, கைமாற்றியதைத் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள்.

விளம்பரத்துக்குள் அடங்காத இன்னொரு வகை வாகனமும் எங்கள் மாவட்டங்களில் இருக்கிறது.

ஒரு அக்கா எம்.டி. 90 ஒன்றை விற்க விளம்பரம் போட்டுத் தரச் சொல்லி வந்தார். 2006 இல் சண்டை மீண்டும் தொடங்குவதற்குச் சற்று முன்னர் வவுனியாவில் தமையன் வீட்டில் விட்டு வந்ததால் தப்பியது. மற்றவர்களுடையவை முள்ளிவாய்க்காலில் குவியலாகத் துருப்பிடித்ததை எல்லோரும் கண்டோம். எம்.டி. 90 க்குத் தெற்கிலும் பைத்தியம் பிடித்த ஆட்கள் உண்டு. படம் போட்ட அன்றே அழைப்புக்கு மேல் அழைப்பு. எல்லோரும் கேட்டது ஒன்றுதான், புத்தகம் யாருடைய பெயரில்? கணவரின் பெயரில். அவர் கையெழுத்து வைப்பாரா? 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் போனவரைப் பற்றித் தொலைபேசியில் ஒரு மோட்டார் சைக்கிள் வியாபாரிக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? ஒருவர், நீங்களே அவர் மாதிரிக் கையெழுத்து வையுங்கள், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார். அது குற்றம், அதைச் செய்ய வேண்டாம். இன்னொருவர் மரணச் சான்றிதழ் எடுத்தால் நல்ல விலை தருவேன் என்றார். புத்தகம் இல்லாத விலைக்கு, உதிரிப்பாகமாகக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

மரணச் சான்றிதழ் என்றதும் அக்கா சொன்னது: "அவர் செத்துப்போனார் எண்டு நான் என்னெண்டு எழுதிக் குடுக்கிறது தம்பி, ஒரு சைக்கிளுக்காக?" 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் கீழ், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற முடியும். அதை வைத்துக் குடும்பம் சொத்துக்களைத் தற்காலிகமாக நிர்வகிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதைக் கொண்டு வாகனத்தைக் கைமாற்ற, ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையோடு படிப்படியாகப் போக வேண்டும். இவ்வளவு அலைச்சலுக்கு மோட்டார் சைக்கிளின் விலையே போய்விடும் என்று அக்கா கணக்குப் பார்த்தார். வீடும் காணியும் காணாமற்போனவரின் பெயரில் இருப்பவர்கள் அப்படி விட்டுவிட முடியாது, அவர்களுக்கு இது கட்டாயம் போக வேண்டிய வழி.

இரண்டாம் நாள் விளம்பரத்தை நீக்கிவிட்டேன். எம்.டி. 90 இப்போது அக்காவின் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. எஞ்சின் இறுகாமல் இருக்க மகன் கிழமைக்கு ஒரு தடவை அதை உதைத்து எழுப்புகிறான். படத்தைச் சேமித்து வைத்த யாரோ ஒருவர் மாத்தறையில் இருந்து இப்போதும் என் இலக்கத்துக்கு எடுத்து, புத்தகம் சரி வந்துவிட்டதா என்று கேட்கிறார்.