தொட்டில் வருமுன் தீரட்டும் கடன்

எங்கள் இல்லத்திற்கு முதற்குழந்தை வர இன்னும் நான்கு திங்கள். கடன் அட்டையிலோ 40,000 ரூபாய் பாக்கி. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதுமென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். போதாது, நண்பர்களே! மாதம் 3.5 விழுக்காடு வட்டியென்றால் 1,400 ரூபாய் வட்டிக்கே போய்விடும்; அசல் அசையாது. நகையடகில் வட்டி மாதம் ஒரு விழுக்காடென்றால் அதே தொகைக்கு 400 ரூபாய்தான். ஆதலால் ஒரு வளையலை அடகு வைத்து அட்டைக் கடனை அடைத்தோம். ("வளையலை வைத்துவிட்டு வளைகாப்பா?" என்றார் மாமியார். கண்ணாடி வளையல் போதுமென்றாள் என் துணைவி.) மிஞ்சும் 1,000 ரூபாய் மாதந்தோறும் அசலுக்குச் செல்கிறது.

பேறுகாலத்திற்கும் கடன் வேண்டியதில்லை. 2011-இல் மைய அரசு தொடங்கிய திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் அறுவைப் பிரசவமும் இலவசம். ஐதராபாத்தில் பேட்லாபுர்ஜிலும் சுல்தான் பஜாரிலும் அரசு மகப்பேறு மருத்துவமனைகள் உண்டு. நாங்கள் பேட்லாபுர்ஜில் பதிவு செய்துவிட்டோம்.