கடல் சூழ்ந்த தீவில் கருக்காலக் கவனிப்பு

சிறிய அந்தமான் தீவில் டுகாங் கிரீக் என்றொரு கடலோரக் குடியிருப்பு உண்டு. அங்கு வாழும் ஓங்கே பழங்குடியினரின் எண்ணிக்கை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 101 மட்டுமே. இத்தகைய சிற்றினத்தில் ஒரு குழந்தை நலமாகப் பிறப்பது ஒரு வீட்டுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. இம்மக்களிடையே துணைச் செவிலியராகப் பணியாற்றியவர் சாந்தி தெரசா லக்ரா. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அக்குடியிருப்பைச் சிதைத்தபோதும் அவர்களைப் பிரியாமல் உடனிருந்தார். 2011இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

தீவுகளில் செவிலியர் ஒருவரின் முன்கூட்டிய பரிசோதனைக்குத் தனி மதிப்பு உண்டு. சிறிய அந்தமானின் ஹட் பே துறையிலிருந்து, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்குக் கடல்வழி ஏறத்தாழ 120 கி.மீ. பிரசவ வலி கண்டபின் கப்பலைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. இரத்த அழுத்தம், இரத்தசோகை, கருவின் கிடைநிலை ஆகியவற்றை முன்பே அறிந்தால், சிக்கல் நேரக்கூடிய தாயைத் தலைநகரின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்கு உரிய காலத்தில் அனுப்பலாம்.

குழந்தையின் வளர்ச்சியோ இன்னும் முன்னரே தொடங்கிவிடுகிறது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அப்போது அறிந்திருப்பதுகூட இல்லை. எனவேதான் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். இறுதி மாதங்களில் சிசு தாயிடமிருந்து இரும்புச்சத்தைப் பெற்றுச் சேமித்துக்கொள்கிறது. பிறந்த பின் முதல் சில மாதங்களின் மூளை வளர்ச்சிக்கு அச்சேமிப்பே பெரிதும் துணை. (வங்கி இதழில் சேமிப்பு என்ற சொல் தானே வந்து அமர்ந்துவிட்டது!) நம் வழக்கில் வளைகாப்பு பெரும்பாலும் ஏழாம் மாதத்தில், கருவுக்கு வேண்டிய கவனமோ அதற்கு வெகு முன்பே.

தாயின் பசி எவ்வளவு தொலைவு தொடரும் என்பதை நெதர்லாந்து காட்டியது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தோரிடையே, நடுவயதில் நீரிழிவுக்கான அறிகுறிகள் மிகுதியாகக் காணப்பட்டன.

அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம், தகுதியுடைய தாய்மாருக்கு முதல் பேற்றுக்கு ரூ.5,000 வழங்குகிறது. முதல் தவணை, கர்ப்பத்தைப் பதிந்து பரிசோதனை செய்துகொண்ட பின்னரே கிடைக்கும். தொகை தாயின் ஆதார் இணைந்த கணக்கில் நேரே சேரும். கணவர் பெயரிலுள்ள கணக்கு இதற்குப் பயன்படாது. அங்கன்வாடிக்குச் செல்லும் முன், தம் பெயரிலுள்ள கணக்கில் ஆதார் இணைந்துள்ளதா என்பதைக் கிளையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.