கோர்வையின் மறுமுனை: காஞ்சிபுர நெசவுக் களமும் தமிழ் இளையோர் நாவலும்

முன்னுரை

தமிழில் சிறார் இலக்கியத்திற்கு நிலைபெற்ற மரபு உண்டு. 1950இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கம் அம்மரபுக்கு அமைப்பு வடிவம் தந்தது. சிறுவர்க்கும் பெரியவர்க்கும் இடைப்பட்ட பருவத்தினருக்கான நாவல் மட்டும் இன்னும் தெளிவான இடத்தைப் பெறவில்லை. அத்தகைய நாவலை எழுதுதல், நிறைவு செய்தல், வெளியிடுதல் ஆகிய மூன்று நிலைகளிலும் எழும் சிக்கல்களைக் காஞ்சிபுரப் பட்டு நெசவுக் களத்தை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

பருவமும் பெயரும்

இப்பருவத்திற்குத் தமிழில் பெயர் இல்லை என்பது பொருந்தாது. உலா இலக்கியம் சுட்டும் எழுவகை மகளிர் பருவங்களுள் மடந்தைப் பருவம் பொதுவாக 14 முதல் 19 வயது வரை எனக் கொள்ளப்படுகிறது. பாட்டியல் நூல்கள் ஆடவர்க்கும் மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை எனப் பருவங்களை வகுத்துள்ளன. ஆனால் இவை பாட்டுடைத் தலைவனையோ அவனைக் கண்டு காமுறும் மகளிரையோ வகைப்படுத்தும் பெயர்கள். வாசகரை வகைப்படுத்த அவை பயன்படவில்லை.

இன்றைய விருது வகைப்பாட்டிலும் இவ்விடைவெளி தொடர்கிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 9 முதல் 16 வயது வரையிலான வாசகரைக் கருத்திற் கொள்கிறது. யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளரைக் கருதுகிறது. முன்னது வாசகரின் வயதையும் பின்னது படைப்பாளரின் வயதையும் அளவுகோலாகக் கொள்வதால், 17, 18 வயது வாசகருக்கான நூல் இரண்டிற்கும் வெளியே நின்றுவிடுகிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்காரத்தைப் பெற்றது. இளையோர் நாவல் எனச் சுட்டப்படும் படைப்பும் சிறார் இலக்கியத்தின் குடைக்கீழேயே ஏற்பு பெறுகிறது என்பதற்கு இது சான்றாகும்.

எழுதுதல்: களமும் முரணும்

நெசவாளர் வாழ்வைப் பேசிய தமிழ் நாவல்கள் பல. தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித்தீ’ ஆகியன குறிப்பிடத்தக்கன. இவை முதிர்ந்த வாசகரை நோக்கியவை. தறியின் அருகே வளரும் பிள்ளையின் பார்வையிலிருந்து எழும் கதைக்கு இன்னும் இடமிருக்கிறது.

அக்கதைக்கான முரண் காஞ்சிபுரத் தறியின் தொழில்நுட்பத்திலேயே அடங்கியுள்ளது. உடலும் கரையும் வெவ்வேறு வண்ணத்தில் அமையும் புடவையைக் கோர்வை முறையில் நெய்கின்றனர். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளர் உடல்பகுதி நாடாவையும் ஒரு பக்கக் கரை நாடாவையும் கையாள, மறுபக்கக் கரை நாடாவைத் தள்ள மற்றொருவர் வேண்டும். கூலி புடவைக் கணக்கில் கிடைப்பதால், உதவியாளருக்குத் தரும் தொகை நெசவாளரின் பங்கைக் குறைக்கும். அவ்விடத்தில் நெடுங்காலம் பிள்ளைகளே அமர்த்தப்பட்டமைக்கு இது முதன்மையான காரணம். முன்பணம் பெற்றுப் பிறர் தறிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கமும் இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் குறித்து மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயது நிறையாதோரைப் பணியில் அமர்த்துவதைத் தடை செய்தது. எனினும் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அது விலக்களித்தது. 14 முதல் 18 வயது வரையிலானோர்க்கு அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடை உள்ளது. ஆகவே வீட்டுத் தறியில் ‘உதவி’ எங்கே முடிகிறது, ‘உழைப்பு’ எங்கே தொடங்குகிறது என்பது இப்பருவத்தினரின் அன்றாட வினாவாகிறது. இங்குப் பகைவன் ஒருவனைப் படைக்க வேண்டிய தேவை எழுத்தாளருக்கு இல்லை. மகள் எழுந்து சென்றால் தந்தையின் தறி நின்றுபோகும் என்ற உண்மையே கதையை நகர்த்தப் போதுமானது.

நிறைவு செய்தல்: முடிவின் அறம்

இத்தகைய கதைக்கு எளிய முடிவுகள் இரண்டு உள்ளன. ஒன்று, பிள்ளை தறியிலிருந்து மீட்கப்பட்டுப் பள்ளிக்குச் செல்லுதல். மற்றொன்று, குலத்தொழிலின் பெருமையை உணர்ந்து தறிக்குத் திரும்புதல். இரண்டிலும் முடிவெடுப்பவர் பெரியவரே.

காஞ்சியோடு தொடர்புடைய பழங்காப்பியம் ஒன்று வேறு வழியைக் காட்டுகிறது. ‘மணிமேகலை’ குலத்தொழிலை மறுக்கும் இளம்பெண்ணின் கதை. பாட்டி சித்திராபதி அவளைக் கணிகையர் வாழ்வுக்கு இழுக்கிறாள். அரசிளங்குமரன் உதயகுமரன் பின்தொடர்கிறான். மணிமேகலையின் மறுப்பு உடனடித் தீர்ப்பாக முடிவதில்லை. அவள் பசித்தோர்க்கு உணவளிக்கிறாள், சிறைப்படுகிறாள், வஞ்சியில் பல சமயக் கணக்கரிடம் அவரவர் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். 28ஆம் காதையில் கச்சி மாநகர் புகுந்து, அறவண அடிகளிடம் அறங்கேட்டு, 30ஆம் காதையில் நோன்பு மேற்கொள்கிறாள். காப்பியம் துறவை அறிவுறுத்துவது உண்மையே. எனினும் அத்துறவு வினாக்களின் வழியே அவள் தானே அடைந்த முடிவு. நெசவு மகளின் கதையும் அவள் தறியை ஏற்றாலும் நீங்கினாலும், அம்முடிவுக்குரிய வினவல் அவளுடையதாக இருந்தால்தான் இளையோர் நாவலாக நிறைவுறும்.

வெளியிடுதல்: சொல்லும் வாசகரும்

பாவு, ஊடை, நாடா, அச்சு, பிட்னி, அடை போன்ற தொழிற்சொற்கள் இந்நாவலில் இயல்பாக வரும். பதிப்பு நிலையில் இவற்றைப் பொதுச்சொற்களாக மாற்றினால் களம் தன் அடையாளத்தை இழக்கும். விளக்கமின்றி விட்டால் இளம் வாசகர் விலகக்கூடும். உ.வே. சாமிநாதையர் 1898இல் ‘மணிமேகலை’யைப் பதிப்பித்தபோது இதனையொத்த சிக்கலை எதிர்கொண்டார். பௌத்தக் கருத்துகள் வழக்கொழிந்திருந்த சூழலில், மூலத்தை எளிமைப்படுத்தாமல் அரும்பதவுரை, கதைச்சுருக்கம், புத்தர் சரித்திரம் ஆகியவற்றை உடன் சேர்த்தார். இன்றைய இளையோர் நாவலின் பதிப்பாசிரியருக்கும் இம்முறை ஏற்றதே. கதைக்குள் செயலின் வழியே சொல் விளங்க வேண்டும். எஞ்சுவதைப் பின்னிணைப்பு ஏற்கலாம்.

கையெழுத்துப் படியைப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளின் பள்ளி மாணவரிடம் வாசிக்கக் கொடுப்பது தொழில் விவரங்களைத் திருத்தவும் குரலின் நம்பகத்தை அளக்கவும் உதவும். அவர்களுள் எழுத வல்லோரும் இருக்கலாம். எஸ்.ஈ. ஹிண்டன் 1967இல் வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைப் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

இளையோர் நாவலுக்குரிய பருவப் பெயரும் முன்மாதிரியும் பதிப்பு நெறியும் தமிழ் மரபில் உள்ளன. அப்பருவத்தினரைப் பாட்டுடைப் பொருளாகக் கொண்ட மரபு, அவர்களை வாசகராகக் கொள்வதே இனி நிகழ வேண்டிய மாற்றம். விருது, நூலகக் கொள்முதல், பாடத்திட்டம் ஆகியவற்றில் 14 முதல் 18 வயது வரையிலானோரைத் தனி வாசகப் பிரிவாக ஏற்பது அதற்குரிய முதற்படியாகும். கோர்வையின் மறுமுனையில் அமர்ந்திருக்கும் பிள்ளை தன் கதையைத் தானே வாசிக்கும் வாய்ப்பு அவ்வேற்பைப் பொறுத்தே அமையும்.