ஆரஞ்சுப் பலகையைத் தேடி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 1893-இல் நிறுவப்பட்ட அல்கான்குவின் பூங்காவின் ஏரிகளில் 'கனூ' எனும் துடுப்புப் படகில் செல்வோர், இரவு தங்கும் ஏரியை மட்டுமே முன்பதிவு செய்ய இயலும். அதன் கரையில் எந்த இடம் என்பதை அன்று நேரில் சென்றே தேட வேண்டும். மரத்தில் அறைந்த ஆரஞ்சு நிறப் பலகையே அடையாளம். பலகையில்லாத கரையில் தங்க அனுமதியில்லை. முந்தியவருக்கே இடம்.

இதன் பொருளை இரண்டாம் நாள் மாலையில்தான் உணர்ந்தோம். ஏரிக்கு ஏரி படகைத் தோளில் சுமந்து கடக்கும் காட்டுப்பாதை, எண்ணியதைவிட நேரத்தை விழுங்கிவிட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதல் மூன்று பலகைகளின் அருகிலும் பிறர் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. நான்காவது இடத்தில் எவருமில்லை. சமதரை, கல்லடுக்கிய அடுப்பு, சற்று உள்ளே மரப்பெட்டிக் கழிப்பிடம் என எல்லாம் இருந்தன. ஆனால், கூடாரம் அடிக்க ஏற்ற ஒரே இடத்தின் மேல் பட்டமரம் ஒன்று சாய்ந்து நின்றது. காற்றில்லாத இரவிலும் பட்டமரம் விழக்கூடும். கைகள் ஓய்வுக்குக் கெஞ்சின, மனம் ஒப்பவில்லை.

மீண்டும் துடுப்பிட்டோம். இருள் கவியும் வேளையில், பாறைமுனை ஒன்றில் ஐந்தாவது பலகை தென்பட்டது. தரை சரிவுதான், ஆயினும் ஏரிக்காற்று தடையின்றி வீசியதால் கொசுக்கள் அண்டவில்லை. (முந்தைய இரவு அடர்ந்த மரங்களிடையே பட்ட பாடு எங்களுக்கே தெரியும்!) மேட்டுப்பக்கம் தலைவைத்துப் படுக்கை விரித்தோம். கரடிக்கு எட்டாதவாறு உணவுப் பையைத் தொலைவிலுள்ள கிளையில் தொங்கவிடுவதற்குள் கைவிளக்கு தேவைப்பட்டது.

மறுநாள் பிற்பகல் 2 மணிக்கே பலகைகளைத் தேடத் தொடங்கினோம்.